கோடை விடுமுறை: பிள்ளைகளின் பொழுது ஓர் அமானிதம்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை வந்துவிட்டால் வீட்டின் நிலையே மாறிவிடுகிறது. காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்துகிறது. மாலை நான்கு மணி வரை பிள்ளைகளை வெளியே அனுப்ப இயலாது. தந்தை கடைக்கோ அலுவலகத்துக்கோ சென்றுவிடுகிறார். தாய் சமையலறையில் இருக்கிறாள். பிள்ளை வந்து, “நான் என்னம்மா செய்வது?” என்று கேட்கிறது. ஒருமுறை, இருமுறை, பத்துமுறை கேட்கிறது. கடைசியில் அதன் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது. வீடு அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியை நாம் நிம்மதி என்று எண்ணிக்கொள்கிறோம்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொன்னோமா, அல்லது அதன் வாயை அடைத்தோமா என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

ஓய்வும் ஓர் அருட்கொடையே

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் இழப்புக்குள்ளாகி விடுகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி). இந்த இரண்டும் ஒருசேர நிறைந்திருப்பது யாரிடம்? நம் பிள்ளைகளிடம்தான். ஆனால் அவற்றின் மதிப்பை அறியும் வயது அவர்களுக்கு இல்லை. ஆகவே அவர்களுடைய பொழுது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தத்தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆண் தன் குடும்பத்துக்கும், பெண் தன் கணவனின் இல்லத்துக்கும் பொறுப்பாளர்கள் என்று அந்த நபிமொழியிலேயே விவரித்துக் கூறப்பட்டிருக்கிறது. பிள்ளைக்கு உணவளித்தோம், உடையளித்தோம், கல்விக் கட்டணம் செலுத்தினோம் என்பதோடு விசாரணை முடிந்துவிடாது. அதன் பொழுது எங்கே கழிந்தது, யாருடன் கழிந்தது என்பதும் அதில் அடங்கும்.

கம்பளிப் பொம்மை சொல்லும் பாடம்

பிள்ளைகளின் கவனத்தை எதில் செலுத்தவைப்பது என்ற இந்தச் சிரமம் ஸஹாபிப் பெண்மணிகளுக்கும் இருந்தது. அதை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆஷூரா நோன்பை மதீனாவாசிகள் நோற்றபோது தங்கள் சிறுவர்களையும் நோற்கச் செய்தார்கள். பகற்பொழுது நீண்டு, குழந்தை உணவு கேட்டு அழும்போது, கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளை அதன் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை கவனத்தைத் திருப்புவார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

அந்தப் பொம்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது கடையில் வாங்கியது அன்று, பிள்ளைக்காகவே செய்யப்பட்டது. நோன்பு நோற்றுக் களைத்திருந்த அத்தாய்மார்கள் அழும் பிள்ளையை அதட்டவில்லை. அது தம்மைத் தொந்தரவு செய்யாமல் எங்கேனும் ஒதுங்கியிருந்தால் போதும் என்றும் எண்ணவில்லை. குடும்பம் முழுவதும் ஈடுபட்டிருந்த ஒரு நற்செயலில் பிள்ளையும் பங்குபெற வேண்டும் என்பதற்காகவே பொம்மை கொடுத்தார்கள். அந்த விளையாட்டுப் பொருள் பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தது. இன்று நாம் கொடுக்கும் கைப்பேசியோ, ஒரே அறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து எங்கோ கொண்டுபோய்விடுகிறது.

விடுமுறையில் பிள்ளைக்குக் கொடுக்கும் எந்தப் பொருளையும், எந்த வேலையையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். இது என் பிள்ளையை வீட்டோடு சேர்க்கிறதா, வீட்டிலிருந்து பிரிக்கிறதா?

கைப்பேசிக்கு ஓர் எல்லை

கைப்பேசியே கூடாது என்று இங்கு கூறவில்லை. பாடமும், கிராஅத்தும், வெளிநாட்டிலிருக்கும் தந்தையின் முகமும் அதில்தான் தெரிகின்றன. ஆனால் எல்லை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரம் அறவே பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதனினும் குறைந்தால் நல்லது. அதே நிறுவனம் 2020 ஆம் ஆண்டில், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று அறிவுறுத்தியது. நம் வீட்டுப் பிள்ளைகளின் நாளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திடீரென்று பிடுங்கினால் பிள்ளை பிடிவாதம் பிடிக்கும். முதல் நாளே நேரத்தைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். பூட்டிய அறைக்குள் வேண்டாம். கூடத்தில் அனைவர் முன்னிலையில் பார்க்கட்டும். பாங்கு சொல்லும்போதும், உணவு விரிப்பிலும், படுக்கையிலும் கைப்பேசி இல்லை என்பது வீட்டின் சட்டமாகட்டும். அந்தச் சட்டம் முதலில் நமக்குப் பொருந்தட்டும். தந்தை உணவு உண்டுகொண்டே திரையைத் தடவினால், மகனுக்குச் சொல்லும் உபதேசம் காற்றோடு போய்விடும்.

விளையாட்டைப் பழிக்காதீர்கள்

மார்க்கப் பற்றுள்ள சிலர், பிள்ளை விளையாடுவதையே வீண் என்று கருதுகிறார்கள். நபி (ஸல்) அவர்களின் வாழ்வு அவ்வாறு கூறவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நபியவர்கள் அவ்வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்குருவியின் பெயரைச் சொல்லி, அது என்னவாயிற்று என்று அச்சிறுவரிடம் அன்போடு விசாரிப்பார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மை வைத்து விளையாடும்போது உடன் விளையாட வந்த தோழியர் நபியவர்களைக் கண்டு ஒளிந்துகொள்வார்கள். அவர்களை அழைத்து மீண்டும் விளையாட அனுப்பி வைப்பார்கள் (நூல்: புகாரி). உலகுக்கே தூதராக வந்தவர்களுக்கு ஒரு சிறுவரின் குருவியைப் பற்றி விசாரிக்க நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

நண்பகலில் வீட்டுக்குள் விளையாட எத்தனையோ வழிகள் உண்டு. பல்லாங்குழிப் பலகையும் புளியங்கொட்டையும் நம் பாட்டிமார் காலத்துச் சொத்து. பதினான்கு குழிகளில் கொட்டைகளைப் பகிர்ந்து ஆடும்போது பிள்ளைக்குக் கணக்கும் வருகிறது, முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வருகிறது. ஐந்து கூழாங்கற்கள் இருந்தால் ஐந்தாங்கல் ஆடலாம். பழைய அட்டைப் பெட்டியும் பசையும் கிடைத்தால் ஒரு பள்ளிவாசலையே கட்டிவிடுவார்கள். பணம் வைத்து ஆடுவதும், தோற்றவரை இழித்துரைப்பதும் மட்டும் வேண்டாம். கூடத்தில் சற்றுக் குப்பை சேரும், சத்தம் எழும். பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருமுறைகூட நபியவர்கள் ‘சீ’ என்று கடிந்துகொண்டதில்லை என்று சாட்சி கூறியதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நிழலும் பிறையும் கற்பிக்கட்டும்

மார்க்கத்தையும் அறிவியலையும் சேர்த்துக் கற்பிக்கும் எளிய வழி நம் மொட்டை மாடியில் இருக்கிறது. ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நிழலைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறைந்து, மீண்டும் வளரத் தொடங்கும்போது லுஹர் நேரம் ஆரம்பமாகிறது. உச்சிப்பொழுதில் இருந்த நிழலைக் கழித்தபின், நிழல் கம்பின் நீளத்தை எட்டி அதற்கு மேல் வளரும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி அது இரு மடங்கைக் கடக்க வேண்டும். சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை எங்கிருந்து வந்தது என்பது அன்று பிள்ளைக்கு விளங்கும்.

இன்னுமோர் அரிய வாய்ப்பு இந்த விடுமுறையிலேயே வருகிறது. ஆண்டுதோறும் மே 27, 28 தேதிகளையொட்டி, மக்காவில் நண்பகலில் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக வருகிறது. அப்போது நம் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிடம் ஆகியிருக்கும். அந்த நிமிடத்தில் கம்பின் நிழல் எத்திசையில் விழுகிறதோ அதற்கு நேர் எதிர்த்திசையே கிப்லாவாகும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். நிழலைப் பார்த்தாலே போதும். தன் வீட்டுக் கிப்லாவைத் தானே கண்டறிந்த பிள்ளை அதை வாழ்நாளில் மறக்காது.

மஃரிபுக்குப் பின் பிறையைப் பார்த்து, நாள்தோறும் அதன் வடிவத்தை ஒரு குறிப்பேட்டில் வரையச் சொல்லுங்கள். ஹிஜ்ரி மாதம் 29 நாளிலோ 30 நாளிலோ முடிவது ஏன் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

வேலை கொடுங்கள், துஆவும் கொடுங்கள்

பிள்ளையை விளையாட்டுக்கு மட்டும் உரியதாக எண்ணுவதும் சரியன்று. அதற்கு வீட்டில் ஒரு பொறுப்பு வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள் (நூல்: புகாரி). ஆடையைத் தைப்பார்கள், செருப்பைச் செப்பனிடுவார்கள் என்று அஹ்மதின் அறிவிப்பில் வருகிறது. ஆண்கள் வீட்டுவேலை செய்வது கௌரவக் குறைவு என்றால், அந்தக் கௌரவம் நபிவழியில் வந்ததன்று.

ஐந்தாறு வயதுப் பிள்ளை செருப்புகளை வரிசையாக வைக்கலாம், உணவு விரிப்பை விரிக்கலாம், பறவைகளுக்கு மாடியில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்கலாம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை அப்போது சொல்லிக் கொடுங்கள். எட்டு, ஒன்பது வயதில் துணி மடிக்கலாம், கீரை ஆயலாம், பொத்தான் தைக்கப் பழகலாம், தொட்டியில் வெண்டை, தக்காளி விதை ஊன்றி வளர்க்கலாம். ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்ற நற்செய்தி பிள்ளைக்கும் உரியதே. பன்னிரண்டு வயதுக்கு மேல், பெரியவர் அருகிலிருக்க அடுப்படியில் எளிய சமையல் பழகலாம். மாதச் செலவுக் கணக்கை எழுதலாம். ஸகாத் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை என்று கணக்கிடக் கற்கலாம்.

இதில் ஓர் அநீதி நிகழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவது மகளுக்கு, கிரிக்கெட் மகனுக்கு என்று பிரிக்காதீர்கள். ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கிய தந்தையிடம், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அன்பளிப்பில் நீதம் வேண்டுமென்றால் உழைப்பிலும் ஓய்விலும் அது வேண்டாமா?

செய்த வேலையைப் பாராட்டுவதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களுக்காக உளூவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். இதை வைத்தது யார் என்று விசாரித்தறிந்த நபியவர்கள், மார்க்கத்தில் அவருக்கு விளக்கத்தைத் தருமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். ஒரு பாத்திரம் தண்ணீர். அதற்கு அத்தகைய துஆ! அவரே பிற்காலத்தில் திருக்குர்ஆன் விளக்கத்தில் சமுதாயத்தின் பேரறிஞராகத் திகழ்ந்தார். பிள்ளை தம்ளரைக் கீழே போட்டு உடைத்தால் திட்டத் தெரிந்த நமக்கு, பத்துத் தம்ளர்களை ஒழுங்காகக் கழுவி வைத்தால் பரக்கத்துக்காக ஒரு துஆ கேட்கத் தெரிய வேண்டும்.

மூத்தோரும் தூரத்துத் தந்தையும்

வீட்டில் பாட்டனார், பாட்டியார் இருந்தால் அவர்களே விடுமுறையின் பெரும் செல்வம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்களை ஓதி வளர்ந்த பாட்டிமார் நம் ஊர்களில் முன்பு பலர் இருந்தனர். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், தினமும் அரைமணி நேரம் பிள்ளையை அவரருகில் அமர்த்துங்கள். அவர் சொல்லும் நபிமார் வரலாறுகளையும், குடும்பத்தின் பழைய செய்திகளையும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். பேசக் கேட்க ஆளின்றித் தனித்திருக்கும் முதியவருக்கும் அது மருந்தாகும்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்கள் தொலைபேசியில் “நன்றாகப் படிக்கிறாயா?” என்று மட்டும் கேட்டு முடித்துவிட வேண்டாம். இன்று கம்பின் நிழல் எவ்வளவு இருந்தது, வெண்டைச்செடி பூத்ததா, எந்த சூரா ஓதினாய் என்று கேளுங்கள். அத்தா, வாப்பா என்ற உறவு மாதாந்திரப் பணமாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. வாங்கி வருவதாகச் சொன்னதை மறக்காமல் வாங்கி வாருங்கள். ஏதோ தருவதாகச் சொல்லித் தம் பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன கொடுக்க எண்ணினாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் கூறியதும், எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள் (நூல்: அபூதாவூத்).

நாளை ஒழுங்குபடுத்துங்கள்

விடுமுறையில் முதலில் கெடுவது உறக்கம். இரவு இரண்டு மணி வரை விழித்து, ஃபஜ்ரை விட்டு, பகல் பத்து மணிக்கு எழும் பிள்ளைக்கு எந்தத் திட்டமும் பயன்படாது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. நேரத்தோடு படுத்து, ஃபஜ்ருக்கு எழுந்து, சற்று ஓதிவிட்டு, வெயில் ஏறுமுன் ஓடியாடி விளையாடட்டும். முற்பகலில் வீட்டுப் பணியும் வாசிப்பும், லுஹருக்குப் பின் சிறு உறக்கமும் கைவேலையும், அஸருக்குப் பின் வெளி விளையாட்டும் என்று தொழுகை நேரங்களையே அந்த நாளின் தூண்களாக்குங்கள். அந்தி சாயும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதும் நபிமொழி கற்பித்த பழக்கமே.

ஓதுவதில் பேராசை வேண்டாம். சில சிறு சூராக்களைத் தஜ்வீதோடும் பொருளோடும் கற்றாலே இந்த விடுமுறை வெற்றிதான். பள்ளிவாசலின் கோடைக்கால மார்க்க வகுப்புக்கு அவசியம் அனுப்புங்கள். ஆனால் காலையில் ஒரு வகுப்பு, பகலில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு பயிற்சி என்று பிள்ளையை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குத் தள்ளிக்கொண்டேயிருப்பதும், கைப்பேசியைக் கொடுத்து ஒதுக்குவதைப் போன்றதே. இரண்டிலும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது நாம்தான்.

வீட்டில் இடமில்லாத பிள்ளை

வீட்டில் தனக்கு வேலையும் மதிப்பும் பேச ஆளும் இல்லாத பிள்ளை அவற்றைத் தேடி வெளியே செல்கிறது. நீந்தத் தெரியாமல் கிணற்றிலும் குளத்திலும் ஆற்றிலும் இறங்கி உயிர் நீத்த சிறுவர்களின் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. தகுந்த பெரியவர் துணையின்றி எந்த நீர்நிலைக்கும் அனுப்பாதீர்கள். பாசத்தால் பதினான்கு வயது மகனிடம் இருசக்கர வாகனத்தின் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, உரிமம் பெறும் வயதை எட்டாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளை 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. சட்டத்தின் தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். போன உயிரை யார் திருப்பித் தருவார்?

அன்புச் சகோதரர்களே! மனிதன் மரணித்தபின் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காகத் துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (நூல்: முஸ்லிம்). நாளை நம் கப்ரின் அருகில் நின்று கையேந்தப்போகும் பிள்ளைதான் இன்று நம் அருகில் வந்து, “நான் என்ன செய்வது?” என்று கேட்கிறது. இன்று அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, “வா, சேர்ந்து செய்வோம்” என்று பதில் சொல்லிப் பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவானாக! அவர்களின் உடலையும் உள்ளத்தையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைச் சரிவர நிறைவேற்ற நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.